எடுக்காமல் விட்ட தண்ணீர்

ஆனைக்கல்பட்டியில் செங்குருவி மார்க் உலர்திராட்சைக் கொட்டகையின் தகரக் கூரைக்குக் கீழே மேகம் வந்து தங்கியது எந்த வருசம் என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு வருசம் சொல்வார்கள், ஆனால் என்ன கிழமை என்று கேட்டால் எல்லோருமே செவ்வாய் என்பார்கள், ஏனென்றால் செவ்வாய்தான் அங்கே பழம் சீக்கிரம் காய அண்டாவில் சோடா உப்புத் தண்ணீர் கொதிக்கவைத்துத் திராட்சைக் குலைகளை முக்கி எடுக்கிற நாள், அந்த ஆவிதான் போக வழியில்லாமல் நிற்கிறது என்று நினைத்துக் காம்பு ஆய்கிற பேச்சியம்மாள் முறத்தை எடுத்து விசிறிவிட்டாள், அது எருமைக்கன்று மாதிரி கொஞ்சம் நகர்ந்து நின்று, அவள் முறத்தைக் கீழே வைத்ததும் மறுபடி பழைய இடத்துக்கே வந்தது.

"ஏ செவந்தி, அடுப்ப அணைச்சு எம்புட்டு நேரமாச்சு, உங்க வீட்டு ஆவிக்குப் போற எண்ணமே இல்லையா?" என்றாள் பேச்சியம்மாள். அவள் கையும் முகமும் ஈரமாக இருந்தன.

செவந்தி அந்தக் கொட்டகைக்காரர் வீட்டு மருமகள். அவள் அண்ணாந்து பார்த்தாள். மூன்றாவது வரிசைத் தட்டுகளுக்கு நேர்மேலே, அடிவயிறு கறுத்தும் முதுகு வெளுத்தும் அது நின்றது, அதிலிருந்து வேப்பம்பூ வாசமும் பழைய இரும்புக் குழாய் வாசமும் கலந்து வந்தன. அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அது யாருடையது, எங்கிருந்து வந்தது, எதற்காக நிற்கிறது என்பதெல்லாம் மூக்கிலேயே தெரிந்துவிட்டது.

"அது இருந்துட்டுப் போகுதுக்கா," என்று சொல்லிவிட்டுக் குனிந்து காம்பு ஆய ஆரம்பித்தாள்.

இந்தக் கதையைச் சரியாகச் சொல்லவேண்டுமென்றால் செவந்தியின் மாமனார் சுருளியப்பனிடமிருந்து தொடங்கவேண்டும். அவர் கம்பம் பள்ளத்தாக்கில் மாட்டுவண்டியில் பன்னீர்த் திராட்சை ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுபோகிற வண்டிக்காரர். ஒரு வருசம் ஐப்பசி மழையில் மலைப்பாதை சரிந்து லாரி ஒன்றும் போகாமல் வராமல் நின்றுபோனது, பழம் கூடை கூடையாகத் தேங்கி, ஆட்கள் மனம் வெறுத்து முல்லையாற்றில் கொட்டினார்கள், ஆறு கருநீலமாக ஓடி, கீழ்க்கரையில் தண்ணீர் குடித்த எருமைகளெல்லாம் தள்ளாடித் தள்ளாடி வீடு தெரியாமல் அடுத்த ஊருக்குப் போயின. சுருளியப்பனுக்கு மட்டும் கொட்ட மனம் வரவில்லை. ஆட்டுக்கொட்டகைக் கூரையில் கயிற்றுக்கட்டிலைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் பரப்பிவிட்டு, வேறு வேலையில் மறந்தும் போனார். வெயில் வந்து, காற்று வந்து, பிறகு ஒருநாள் ஏறிப் பார்த்தபோது அவை கறுத்துச் சுருங்கிக் கிடந்தன. ஒன்றை எடுத்து வாயில் போட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஆட்டுப் புழுக்கையப் பொறுக்கித் திங்கிறீகளே, கீழ சோறு இருக்குல்ல?" என்று அவர் பெண்டாட்டி சத்தம் போட்டாள்.

"ஏறி வா, நீயும் ஒரு புழுக்க தின்னு பாரு," என்றார் அவர்.

அப்படித்தான் செங்குருவி மார்க் பிறந்தது. கட்டிலுக்குப் பதில் மூங்கில் தட்டி வந்தது, மூங்கிலுக்குப் பதில் வலைத்தட்டு வந்தது, ஆட்டுக்கொட்டகை ஆடுகளை வெளியேற்றிவிட்டுத் திராட்சைக் கொட்டகை ஆனது. பிளாஸ்டிக் உறையின் வாயை ரம்பத் தகட்டில் மடித்து மெழுகுவர்த்திச் சுடரில் ஓட்டி ஒட்டினார்கள், உள்ளே சிவப்பு மையில் குருவி அச்சடித்த சீட்டு இருக்கும், அந்தக் குருவி பார்க்கக் கோழி மாதிரி இருந்தாலும் மதுரை நாட்டுமருந்துக் கடைகளிலும் பழனிப் பக்கத்துப் பஞ்சாமிர்தக்காரர்களிடமும் அந்தக் கோழிக்கு நல்ல பேர் இருந்தது.

சிக்கல் ஒன்று வந்தது. நாலு கூடை பழம் காய்ந்தால் ஒரு கூடைதான் மிஞ்சும். தோட்டக்காரர்களுக்கு இது பிடிபடவில்லை. நாங்கள் நாலு கொடுத்தோம், நீ ஒன்று காட்டுகிறாய், மீதி எங்கே போனது என்று சுருளியப்பனைச் சுற்றி நின்று கேட்டார்கள். அவர் யோசித்துப் பார்த்துவிட்டுக் கூடைமேல் உள்ளங்கையால் ஓங்கித் தட்டிச் சொன்னார்.

"பழம் எங்களுது, தண்ணி உங்களுது. எப்ப வேணும்னாலும் வந்து எடுத்துக்கங்க."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள், பேரம் முடிந்தது. அன்றிலிருந்து அந்த வீட்டில் அதைச் சொல்லாமல் ஒரு கூடை கைமாறியது கிடையாது. அவர் மறந்தாலும் தோட்டக்காரர்கள் மறக்கமாட்டார்கள், சொல்லுகிறவரைக்கும் கூடையை விட்டுக் கையை எடுக்கமாட்டார்கள். தாலிகட்டும்போது கெட்டிமேளம் கேட்கிற மாதிரி அந்தச் சொல்லுக்காகக் காத்து நிற்பார்கள், பிறகுதான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போவார்கள். அவர் அதை விளையாட்டாகத்தான் சொன்னார், அவர்களும் விளையாட்டாகத்தான் கேட்டார்கள், ஆனால் தினம் தினம், வருசம் வருசமாகக் கைதட்டிச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு சொல் எத்தனை நாளைக்குத்தான் விளையாட்டாகவே இருக்கும்?

ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேப்பங்கிணற்றுத் தோட்டம் என்று ஒன்று இருந்தது. மாயாண்டி என்பவருடைய திராட்சைத் தோட்டம். அவருக்கு மகன் காசிமாயன், மகள் செவந்தி, தாயில்லாப் பிள்ளைகள். வீட்டுத் துணியெல்லாம் பிள்ளைகள் இரண்டும்தான் மோட்டார்த் தொட்டியில் துவைத்தெடுக்கும். பெரிய ஜமக்காளத்தைப் பிழிய வேண்டுமென்றால் அண்ணன் ஒரு முனையையும் தங்கச்சி ஒரு முனையையும் பிடித்துக்கொண்டு எதிரெதிராக நின்று முறுக்குவார்கள். செவந்தி சின்னப்பிள்ளை, முறுக்கத் தெரியாமல் தன் பக்கம் இழுப்பாள், அண்ணன் தடுமாறிச் சேற்றில் கால்வைப்பான். "இழுக்காதத்தா, முறுக்கு," என்பான். எத்தனை தடவை சொன்னாலும் அவள் இழுப்பாள், அவன் அதே சொல்லைச் சொல்லுவான், தண்ணீர் வேப்பம்பூவோடு சேர்ந்து பந்தல்கால்களுக்கு ஓடும்.

அந்தத் தோட்டத்துப் பழத்தை வாங்கப் போன சுருளியப்பன்தான் பெண்ணையும் பார்த்துத் தன் மகன் செல்லப்பாண்டிக்குக் கேட்டார். தட்டு மாற்றுகிற அன்று, வெற்றிலைத் தாம்பாளத்தின் விளிம்பில் உள்ளங்கையால் தட்டி, பழக்கதோசத்தில் அதையே சொன்னார்: "பழம் எங்களுது, தண்ணி உங்களுது." பந்தலே சிரித்தது. மாயாண்டியும் சிரித்தார். காசிமாயன் மட்டும் சிரிக்காமல் தங்கச்சியைப் பார்த்தான், அவளும் அவனைப் பார்த்தாள்.

செவந்தி கொட்டகைக்கு வந்து தட்டுப் பரப்பவும் காம்பு ஆயவும் மெழுகுச் சுடரில் விரல் சுடாமல் உறை ஒட்டவும் பழகினாள். பிறந்த வீட்டு வண்டி வருகிற நாளில் விடியலிலேயே மோர் கடைந்துவைப்பாள். அண்ணன் கூடையை இறக்குவான், அவள் செம்பில் மோர் கொண்டுபோய்க் கொடுப்பாள், இரண்டு பேரும் ஒன்றும் பேசமாட்டார்கள், அவன் போகும்போது செம்பைக் கையில் கொடுக்காமல் அவள் வந்து எடுக்கட்டும் என்று கூடைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவான், அவளுக்கு அது போதும், அடுத்த வண்டி வரைக்கும் ஓடிவிடும்.

மாயாண்டி காலமானபிறகு தோட்டத்தைக் காசிமாயன் பார்த்தான். இங்கே சுருளியப்பனும் கட்டிலில் விழ, கொட்டகை செல்லப்பாண்டி கைக்கு வந்தது. அந்த வருசம் அறுப்புக்கு முன்னால் பருவம் தவறிய மழை. பழமெல்லாம் தண்ணீர் கோத்து ஊதிக்கிடந்தது. மதுரைக் கடைக்காரர்கள் போன லோடையே பூஞ்சணம் என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள், செல்லப்பாண்டி அந்தக் கடுப்பில் இருந்தான். அப்போதுதான் வேப்பங்கிணற்றுத் தோட்டத்து வண்டி வந்து நின்றது. மற்ற தோட்டக்காரர்களும் சுற்றி நின்றார்கள். செல்லப்பாண்டி கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்தான். வாயில் போட்டுப் பார்த்திருக்கலாம். போடவில்லை, விரலுக்கு நடுவே வைத்து நசுக்கினான், சாறு காசிமாயன் காலடியில் தெறித்தது.

"இது பழமில்ல மச்சான். வெறும் தண்ணி."

காசிமாயன் தரையைப் பார்த்தான். பிறகு கூடையிலிருந்து கையை எடுத்தான்.

"தண்ணின்னா அது எங்களுதுதான மாப்ள. இருக்கட்டும். எடுக்க வர்றப்ப வர்றேன்."

அவ்வளவுதான். வண்டியையும் கூடைகளையும் அப்படியே விட்டுவிட்டு நடந்து போனான். மோர்ச் செம்போடு வந்த செவந்தி அவன் முதுகைத்தான் பார்த்தாள். கொஞ்ச நாளில் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, பெண்டாட்டி ராக்கம்மாளைக் கூட்டிக்கொண்டு கம்பமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குப் போய்விட்டான் என்று சேதி வந்தது.

அந்தக் கூடைகளைத் தொடக்கூடாது என்று செவந்தி எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். தானே சுமந்தாள், தானே முக்கினாள், மூன்றாவது வரிசையில் தானே பரப்பினாள், ஒவ்வொன்றாகப் புரட்டிப் போட்டாள். ஊதிக்கிடந்த பழம் எப்படித்தான் காய்ந்ததோ, அந்த வருசத்திலேயே நல்ல சரக்கு அதுதான். செல்லப்பாண்டி ஒன்றை எடுத்து வாயில் போட்டான், வெளியே போய்ப் புளியமரத்தடியில் வெகுநேரம் நின்றான். பழம் உறைக்குள் போய், உறை பெட்டிக்குள் போய், பெட்டி ஊருக்கும் போய்விட்டது. தண்ணீர் போகவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமைதான் அது கூரைக்குக் கீழே வந்து நின்றது.

செல்லப்பாண்டி கதவு சன்னலெல்லாம் திறந்துவிட்டுப் பார்த்தான், மேசைமேல் ஏற்றி மின்விசிறி வைத்துப் பார்த்தான், அது சுற்றிச் சுற்றி வந்து மூன்றாவது வரிசைக்கே போனது. கடைசியில் சுருளியப்பனைக் கட்டிலோடு தூக்கிவந்து காட்டினார்கள். கிழவர் மல்லாந்து படுத்தபடியே அதை நெடுநேரம் பார்த்தார்.

"நாந்தான்டா எப்ப வேணும்னாலும்னு சொன்னேன். அது நிக்குது. விரட்டாதீக," என்றார்.

ஒன்று தங்கினால் இன்னொன்றுக்கும் தைரியம் வரத்தானே செய்யும்? அதற்குப் பிறகு எந்தத் தோட்டத்துப் பழம் காய்ந்தாலும் அதன் தண்ணீர் வெளியே போகாமல் மேலே போய் ஒட்டிக்கொண்டது. வருசத்துக்கு வருசம் மேகம் பெருத்து, கொட்டகை முழுக்கக் கிடை போட்ட ஆட்டுமந்தை மாதிரி அடைந்து நின்றது. பெண்கள் தலையில் பிளாஸ்டிக் தாளைப் போட்டுக்கொண்டு காம்பு ஆய்ந்தார்கள். எடைபோட்டு உறையில் அடைப்பதை முன்வீட்டுக்கு மாற்றினார்கள், அப்படியும் சில உறை உள்ளே வியர்த்தது. உணவு ஆபீசர் ஒருத்தர் வந்து அண்ணாந்து பார்த்தார், துளி ஒன்று அவர் கண்ணாடியில் விழுந்தது, துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார், 'கூரை ஒழுகுகிறது, தகரம் மாற்றவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

முதலில் தண்ணீர் எடுத்தவர் சடையன். அவருடைய கல்தூண் தோட்டம் வீட்டுமனையாகப் போய், பந்தல் நின்ற இடத்தில் மஞ்சள் பூசிய கல் நட்டிருந்தது. பேத்திக்கு இருமல் என்று ஒரு கை திராட்சை கேட்டு வந்தவர், கொட்டகைக்குள் நின்று "கல்தூண் தோட்டம் இருந்திருந்தா உன்கிட்ட வந்து கேப்பனா தாயி" என்று செவந்தியிடம் முணுமுணுத்தார். சொல்லி வாய் மூடவில்லை, அவர் தலைக்கு மேல் மட்டும் பொழிந்தது. பக்கத்தில் நின்ற செவந்திமேல் பொட்டு விழவில்லை. சடையன் நாக்கை நீட்டினார்.

"என் மோட்டார்த் தண்ணி தாயி இது," என்றார். அப்படியே நனைந்துகொண்டு நின்றார், திராட்சையை மறந்துவிட்டுப் போய்விட்டார்.

அதற்கப்புறம் ஆள் வரத் தொடங்கியது. திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து லீவில் வந்தவர்கள் தண்ணீர் பாட்டிலோடு வந்தார்கள். தோட்டம் கல்யாண மண்டபமான ஒருத்தி குடத்தோடு வந்து பிடித்துப் போய் அன்றைக்கு மட்டும் அதில் உலை வைத்தாள், அந்தச் சோற்றில் பழைய தோட்டத்து வாசம் அடிக்கவும் அவள் புருசன் சாப்பிடாமல் எழுந்துபோய்ப் பிறகு வந்து மறுசோறு கேட்டான். நிற்பார்கள், தோட்டத்தின் பேரைச் சொல்வார்கள், அவரவர் தண்ணீர் அவரவர்மேல் இறங்கும், அடுத்தவர்மேல் சாரல்கூட அடிக்காது. தோட்டங்களை வாங்கி மனைபோட்ட தரகர் ஒருத்தர் தைரியமாக வந்து நின்று வாங்கின தோட்டத்துப் பேரையெல்லாம் வரிசையாகச் சொன்னார். மேகம் அவரைத் தாண்டிப் போனது. ஒரே ஒரு துளி கண்ணில் விழுந்தது.

"பத்திரம் நிலத்துக்கு மட்டுந்தான் போலருக்கு," என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு சிரித்தபடி போனார், ஆனால் அன்றைக்கெல்லாம் அந்தக் கண் மட்டும் நீர் வழிந்துகொண்டிருந்ததாம்.

இப்படி ஆள் வர வர மேகம் கரைந்தது. தோட்டங்கள் குறைந்ததால் புதுத்தண்ணீர் சேருவதும் குறைந்தது. சுருளியப்பன் போய்ச்சேர்ந்தார். செவந்தியின் மகள் இளவரசி வளர்ந்தாள். கடைசியில் கூரை பூராவும் வெளிச்சம் விழுந்து, மூன்றாவது வரிசைக்கு மேலே மட்டும் ஒரு ஆட்டுக்குட்டி அளவுக்கு அது நின்றது. முதலில் வந்தது, கடைசியில் மிஞ்சியது.

செவந்தி ஒருநாளும் அதற்கு நேர்கீழே நின்றதில்லை. தட்டு எடுக்கப் போனால் சுற்றிப் போவாள். பிறந்த வீட்டுச் சொத்தில் கைவைத்தாள் என்ற பேர் வேண்டாம் என்று நினைத்தாள். அது அண்ணனுடையது, எடுக்க வருகிறேன் என்று சொல்லிப் போயிருக்கிறான், எடுக்கிறதுக்கு ஒன்று இல்லையென்றால் அவன் எதற்கு வருவான்? அதனால் வெயில் காலத்தில் அது மெலிந்தால் கீழே சட்டியில் தண்ணீர் வைப்பாள், காற்றுக் காலத்தில் மேற்குச் சன்னலைச் சாக்குப்போட்டு மூடுவாள்.

சேதி மட்டும் போய்க்கொண்டிருந்தது. கூலியாட்களை ஏற்றிக்கொண்டு காலையில் மலையேறி மாலையில் இறங்குகிற ஜீப்புகளில் ஒன்றை இன்னாசி ஓட்டினான். இளவரசி பெரியமனுசி ஆனபோது அவனிடம்தான் சொல்லியனுப்பினாள், தாய்மாமன் வந்து பச்சை ஓலையில் குச்சுக் கட்டவேண்டுமே என்று. திரும்பி வந்தவன் ஏலக்காய்ப் பொட்டலம் ஒன்றை நீட்டினான். "இருக்கட்டும், வர்றேன்னாருக்கா," என்றான். மாமனார் சாவுக்கும் ஏலக்காய்ப் பொட்டலம் வந்தது, "இருக்கட்டும், வர்றேன்னாரு." செவந்தியின் டிரங்குப்பெட்டி பூராவும் ஏலக்காய் மணந்தது, அவள் எந்தப் பாயசத்திலும் அதைப் போட்டதில்லை.

இளவரசிக்கு ஆவணியில் கல்யாணம் என்று முடிவானது. அதே சமயம் செல்லப்பாண்டி உலர்த்துகிற மெசின் ஒன்றுக்குச் சொல்லிவைத்திருந்தான். வெயிலும் வேண்டாம் காற்றும் வேண்டாம், மூடிய அறைக்குள் ராப்பகலாகச் சூடு ஓடும். அது வந்து உட்காரவேண்டுமென்றால் கொட்டகையைப் பிரிக்கவேண்டும். கல்யாணத்துக்குப் பந்தல் போடவும் அந்த இடம்தான். இத்தனை வருசமாக அதைத் தள்ளித் தள்ளிப் போட்டவன் ஒருநாள் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"வெள்ளிக்கிழம தகரம் பிரிக்க ஆள் வருது. நான் வேணா மேல போயி மச்சான் கால்ல விழுகட்டா?"

"நீங்க போனா அவரு இன்னொரு மல ஏறிருவாரு," என்றாள் செவந்தி. "நான் சொல்லி விடுறேன்."

இந்தத் தடவை எல்லாவற்றையும் சொல்லியனுப்பினாள். உன் மருமகள் இளவரசிக்குக் கல்யாணம், கொட்டகையைப் பிரிக்கிறோம், தண்ணீர் நிற்க இனி இடமில்லை, வந்து எடுத்துக்கொள். இன்னாசி வியாழக்கிழமை சாயங்காலம் வந்தான். கையில் ஏலக்காய் இல்லை.

"என்னடா சொன்னாரு?"

"மொதல்ல ஏலக்காயத்தான் எடுத்தாருக்கா, திரும்ப உள்ள வச்சுட்டாரு. அப்புறம், அந்தத் தண்ணி அங்க இருந்தாத்தான்டா நான் வர்றேன் வர்றேன்னு சொல்லிக்கிட்டாவது இருக்கலாம், எடுத்துட்டா அப்புறம் என்ன சொல்லன்னாரு."

செவந்தி கொட்டகைக்குள் போய்த் தரையில் உட்கார்ந்தாள். இவள் அவன் வரட்டும் என்று தண்ணீரை வைத்திருந்தாள். அவன் தண்ணீர் இருக்கட்டும் என்று வராமல் இருந்தான். இரண்டு பேரும் அந்த ஆட்டுக்குட்டி அளவு மேகத்தை ஆளுக்கொரு பக்கம் இத்தனை வருசமும் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

மறுநாள் காலையில் தகரம் பிரிக்கிற ஆட்கள் ஏணியைச் சார்த்தினார்கள். பேச்சியம்மாள் கிழவியாகியிருந்தாள், காது மந்தம், வாய் மட்டும் மந்தமாகவில்லை. அவள் மேகத்தையும் பார்த்தாள், எட்டி நின்ற செவந்தியையும் பார்த்தாள்.

"ஏன்டி, அந்தக் கிணத்துத் தண்ணியிலதான உன்னையக் குளிப்பாட்டுனாக? நீ நின்னு பாத்தா என்ன?"

"என்னையக் கட்டிக்குடுத்தாச்சேக்கா."

"கட்டிக்குடுத்தது உன்னைய. தண்ணியவா குடுத்தாக? உங்க மாமனாரு தாம்பாளத்துல தட்டித்தான சொன்னாரு, நானும் அந்தப் பந்தல்ல வெத்தல மென்னுக்கிட்டு இருந்தவதான். பழந்தான்டி அவுகளுது."

மேலே முதல் ஆணி பிடுங்குகிற சத்தம் கேட்டது. செவந்தி தட்டுகளைத் தாண்டி மூன்றாவது வரிசைக்குப் போனாள். சுற்றிப் போகாமல் நேராகப் போனாள். அண்ணாந்து பார்க்கப் பயமாக இருந்தது. வராவிட்டால் என்ன செய்வது, எல்லோரும் பார்க்க ஒரு துளி மட்டும் கண்ணில் விழுந்தால் என்ன செய்வது? கண்ணை மூடிக்கொண்டு, "வேப்பங்கிணத்துத் தோட்டம்," என்றாள்.

அது காத்திருந்த மாதிரி இறங்கியது. முதலில் வகிட்டில் விழுந்து, நெற்றியில் குங்குமத்தைக் கரைத்து, கழுத்துக்கும் தோளுக்கும் வந்தது, வேப்பம்பூ வந்தது, துருக்குழாய் வாசம் வந்தது, அப்பா பீடி குடித்துவிட்டு வாய் கொப்பளித்த தொட்டி வந்தது, அண்ணன் சேற்றுக்காலைக் கழுவிய வாய்க்கால் வந்தது, பந்தல் நிழலும் பந்தலுக்குள் பொட்டுப் பொட்டாக விழுந்த வெயிலும் வந்தன, மாட்டின் கழுத்துமணி அந்தத் தண்ணீருக்குள் எங்கோ கேட்டது, அவள் புடவை கனத்துக் காலோடு ஒட்டியது, நின்ற இடத்திலேயே நின்றாள், செல்லப்பாண்டி வாசலில் வந்து நின்று தலையிலிருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டான். அவள் கண்ணைத் திறந்தபோது கூரைக்குக் கீழே ஒன்றுமில்லை, பிரித்த தகரத்தின் வழியே வானம்தான் தெரிந்தது.

இளவரசி மாற்றுப்புடவை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். செவந்தி வேண்டாம் என்று கையசைத்துவிட்டுச் சொட்டச் சொட்டத் தெருவில் நடந்து, கிளம்பிக்கொண்டிருந்த ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள். கூலிப்பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள்.

"யக்கா, எங்க மடியெல்லாம் நனையுது," என்றாள் ஒருத்தி.

"சீட்டு ஊறுதுக்கா," என்றான் இன்னாசி.

"ஊறட்டும்டா. எங்கப்பா தண்ணி. நீ ஓட்டு."

வளைவு வளைவாக மலையேறினார்கள். வெயில் சுள்ளென்று அடித்தது, காற்று முகத்தை அறைந்தது, ஆனாலும் அந்தப் புடவை ஒரு நூல்கூடக் காயவில்லை. முந்தானையிலிருந்து சொட்டிய தண்ணீர் ஜீப்பின் பின்னால் தார்ரோட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தது. ஒரு கிழவி குனிந்து விரலால் தொட்டு மோந்து பார்த்துவிட்டு, "வேப்பம்பூ," என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

காசிமாயன் ஏலத்தோட்டக் கூலியாட்களின் லயன் வரிசையில் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து அரிவாளுக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தான். தலை பூராவும் நரைத்திருந்தது. நிமிர்ந்து பார்த்தான்.

"என்னத்தா, இப்பிடி நனைஞ்சு வந்துருக்க? கீழ மழையா?"

"மழையெல்லாம் இல்லண்ணே. உன் தண்ணி. நீ வரல, அது வந்துருச்சு."

அவன் எழுந்து பக்கத்தில் வந்தான். தொடவில்லை. மூக்கு மட்டும் விடைத்தது. அரிவாள் கையிலேயே இருந்தது, எங்கே வைப்பது என்று தெரியாத மாதிரி வாசலையும் கூரையையும் பார்த்துவிட்டுக் கடைசியில் ஏலச்செடியோரமாக வைத்தான். ராக்கம்மாள் உள்ளேயிருந்து வந்து, இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, செவந்தியின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்த் தன் புடவையைக் கொடுத்தாள்.

"இத எங்க மதினி போட?" என்று செவந்தி ஈரப்புடவையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். கைகொள்ளாத கனம்.

காசிமாயன் கையை நீட்டினான். அவள் ஒரு முனையை அவனிடம் கொடுத்துவிட்டு மறுமுனையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்தாள், புடவை நீண்டு தொய்ந்தது, இரண்டு பேரும் எதிரெதிராக நின்றார்கள்.

"கல்யாணம் எப்ப?"

"ஆவணியிலண்ணே. மாலை நீதான் எடுத்துக்குடுக்கணும்."

"ஜீப்புல முன்சீட்டு எனக்குன்னு இன்னாசிட்டச் சொல்லிவையி."

முறுக்கத் தொடங்கினார்கள். முதல் முறுக்கிலேயே கொட்டிய தண்ணீர் வாசலை நனைத்து, படிக்கல்லைத் தாண்டி, ஏலச்செடிகளுக்கு நடுவே புகுந்து, கீழே பள்ளத்தாக்கைப் பார்த்து வழிய ஆரம்பித்தது. முறுக்க முறுக்க அது வந்துகொண்டே இருந்தது. கீழே இன்னாசி ஹாரன் அடித்தான், யாரும் திரும்பவில்லை. செவந்திக்குக் கை நோவெடுத்தது, கண் மறைத்தது, எந்தப் பக்கம் திருப்புகிறோம் என்று தெரியாமல் புடவையைத் தன் பக்கமாகப் பற்றிக்கொண்டு பின்னால் சாய்ந்தாள், காசிமாயன் தடுமாறி ஈரமண்ணில் கால் வைத்தான்.

"இழுக்காதத்தா," என்றான், "முறுக்கு."